பக்கத்துப் பிள்ளையின் உயிரும் நம் பிள்ளையின் சோற்றுப் பெட்டியும்



சென்ற ஆண்டு பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் நம் கடைசிப் பையன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கல்லாப் பெட்டியின் மேல் வைத்தான். தொடக்கநிலை ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். வகுப்பாசிரியை எழுதிய கடிதம் அது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாது, அதனால் இந்த ஆண்டு முழுவதும் பெற்றோர் யாரும் இடைவேளைச் சாப்பாட்டுப் பெட்டியில் நிலக்கடலை சேர்ந்த பண்டம் எதையும் வைத்தனுப்ப வேண்டாம், பிள்ளைகள் ஒருவர் உணவை ஒருவர் பகிர்ந்துண்ணவும் வேண்டாம் என்று அதில் கண்டிருந்தது.

நம் பையனோ பீனட் பட்டர் தடவிய ரொட்டியைத் தவிர வேறொன்றையும் பெட்டியில் திரும்பிப் பார்க்காதவன். இட்டலி வைத்தால் இட்டலி அப்படியே வீடு வந்து சேரும். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் நம் மாமியார் அவர்கள், "மாப்பிள்ளை, ஒரு பிள்ளைக்காக முப்பது வீட்டு அடுப்பை மாற்றச் சொல்வது எந்த ஊர் நியாயம்? நாங்கள் வளர்ந்த காலத்தில் கடலை தின்று செத்தவர் யார்?" என்று கேட்டார்கள். வீட்டில் நம் மனைவியும், "அந்தப் பிள்ளையின் உம்மா அதைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்றார்.

உண்மையைச் சொன்னால் நம் மனத்திலும் அதே எண்ணந்தான் ஓடியது. ஆனால் அந்தக் கேள்வியை அன்றே தள்ளிவிட முடியவில்லை. பிறர் வீட்டுப் பிள்ளையின் பலவீனம் நம் வீட்டு அடுப்பைக் கட்டுப்படுத்தலாமா? கட்டுப்படுத்தலாம் என்றால் எதுவரை? நாம் படித்ததோ மதரஸாவும் தொடக்கப் பள்ளியுந்தான். எனினும் கடையில் உட்கார்ந்து யோசித்ததையும் கேட்டறிந்ததையும் நம்மவர் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் இது மெய்யான நோய்தானா, இக்காலத்துச் செல்வர் வீட்டுச் சிணுங்கலா என்பதைப் பார்ப்போம்.

1902-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான ரிஷே, போர்த்தியே என்ற இருவர் கடல் உயிரொன்றின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றினார்கள். நாய்கள் தாங்கிக்கொண்டன. சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவை ஏற்றியபோது அவை சில நிமிடங்களில் மூச்சுத் திணறி வீழ்ந்தன. முதல் முறை உடலுக்குக் காவல் தரும் என்று எதிர்பார்த்தது மறுமுறை அதற்கே பகையாகிவிட்டது. இதைக் கண்டறிந்ததற்காக ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1906-இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே என்பவர் இத்தகைய மாறுபாட்டுக்கு 'அலர்ஜி' என்று பெயர் வைத்தார். ஆக நோய் புதிதன்று. நம் காதுக்கு எட்டியதுதான் பிந்தியது.

நம் சிங்கப்பூரிலேயே இதற்குக் கணக்கு உண்டு. உணவினால் கடும் ஒவ்வாமை கண்டு மருத்துவமனைக்கு வந்த 124 பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1999-இல் வெளிவந்தது. அதில் முதலிடம் பெற்றது நிலக்கடலையன்று, சீனச் சகோதரர்கள் மருந்தாக உண்ணும் பறவைக் கூடு. அடுத்தது இறால், நண்டு வகை. பின்னர் 2005 முதல் 2009 வரை வந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தபோது நிலக்கடலை முதலிடத்துக்கு ஏறிவிட்டது. மாமியார் அவர்கள் தம் இளமையில் இதைக் காணவில்லை என்பது மெய்யாக இருக்கலாம். தாம் காணவில்லை என்பதனால் இன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

நோய் வரும் விதத்தையும் சொல்ல வேண்டும். மிகச் சிறிய துணுக்கே போதும். உதடு தடிக்கும், உடம்பெங்கும் தடிப்பு எழும், வாந்தி வரும், தொண்டை அடைக்கும், இரத்த அழுத்தம் விழும். அப்போது தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசியை உடனே குத்தி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தாமதம் உயிரைக் கேட்கும். ஆறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தானே அறிந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது, கடைத் திறப்பைச் சிறுவன் கையில் கொடுத்துவிட்டுக் களவு போகாது என்று எண்ணுவதைப் போன்றது.

இனி, "அந்தப் பிள்ளையின் பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டுமே" என்ற கேள்வி. அவர்கள் பார்த்துக்கொள்ளாமலா இருக்கிறார்கள்? ஊசி வாங்கி வைக்கிறார்கள், ஆசிரியையிடம் சொல்லி வைக்கிறார்கள், வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் படிக்கிறார்கள். தம் பிள்ளையின் பெட்டியை அவர்கள் காக்க முடியும். அடுத்த இருபத்தொன்பது பெட்டிகளையும் அவர்கள் எப்படிக் காப்பார்கள்? அந்தப் பெட்டிகளைக் கட்டுவது நாம். அந்தக் காவலின் ஒரு பங்கு நம் கையில் இருப்பதால்தான் அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில் நம் கடையில் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கடிதம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம் கடைக்கு வந்து பொட்டுக்கடலை கேட்டார். நம் தமிழ்ச் சகோதரி, இந்து சமயத்தவர். "பாய், இதில் நிலக்கடலை கலந்திருக்காதே? பிள்ளைக்கு ஆகாது" என்று கேட்டார். நாமும், "கலக்காது தங்கச்சி, தைரியமாக வாங்கிக்கொண்டு போங்கள்" என்று சொல்லி அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தோம். அன்று மாலை அவர் திரும்ப வந்தார். சண்டை போடவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து உடைந்த நிலக்கடலைப் பருப்பு இரண்டைக் கல்லா மேல் வைத்தார். "தட்டில் கொட்டிப் பார்த்ததால் தெரிந்தது, பாய்" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது என்ன? இரண்டு மூட்டைக்கும் நம் கடையில் ஒரே கரண்டிதான். நிலக்கடலையை அள்ளிய கரண்டியாலேயே பையன் பொட்டுக்கடலையையும் அள்ளியிருக்கிறான். கலப்படம் செய்ய நாம் நினைக்கவில்லை. பொய் சொல்லவும் நினைக்கவில்லை. ஆனாலும் அறியாத ஒன்றை அறிந்ததுபோல் சொல்லிவிட்டோம். நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாயும் இருக்கக் கண்டு கடிந்த நிகழ்ச்சியை நாம் மதரஸாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரிக்காவது உள்ளே ஈரம் இருப்பது தெரியும். நாமோ நம் குவியலுக்குள் கையே விட்டதில்லை. அந்தத் தாய் தட்டில் கொட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு இன்றும் நம்மிடம் விடை இல்லை.

ஆகவே பள்ளிக் கடிதம் வந்தபோது, நம் மனம் முதலில் முறுக்கிக்கொண்டாலும் அந்த இரண்டு பருப்புகள் நினைவுக்கு வந்தன.

இனி நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு கோணத்தில் இதைப் பார்க்க வேண்டும். உணவு விஷயத்தில் பிறரிடம் அதிகம் கேட்டு வாழ்கிறவர்கள் நாம். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் முஸ்லிம் கடை தனி, தட்டும் கரண்டியும் தனி. உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்கும் இடங்கூட நமக்குத் தனி. 2021 செப்டம்பர் முதல், உண்டவர் தாமே தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று இங்கே சட்டம் நடப்புக்கு வந்தபின், நம் மார்க்கத்தைச் சேராத சகோதரர்களும் எந்தத் தட்டு எந்த அடுக்குக்கு உரியது என்று பார்த்து வைக்கிறார்கள். அவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 1978 முதல் முயிஸ் ஹலால் சான்றிதழ் கொடுத்து வருகிறது. அதைப் பெற எத்தனையோ முஸ்லிமல்லாத முதலாளிகள் தம் சமையற்கூடத்தையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். "ஒரு சிலருக்காக எங்கள் அடுப்பை மாற்றுவதா?" என்று அவர்கள் நம்மைக் கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

"ஹலால் மார்க்க விஷயம், ஒவ்வாமை உடல் விஷயம், இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றாகா என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அந்த வேறுபாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அறியாமல் ஆகாததை உண்டுவிட்ட முஸ்லிமை அல்லாஹ் மன்னிப்பான் என்று நம்புகிறோம். அவன் நிய்யத்தைப் பார்க்கிறவன். ஒவ்வாமை கொண்ட பிள்ளையின் உடல் நிய்யத்தைப் பார்ப்பதில்லை. கொடுத்தவர் அன்பாகக் கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா என்று தொண்டை கேட்பதில்லை. மன்னிப்பு உள்ள இடத்திலேயே நாம் இவ்வளவு கவனம் கேட்கிறோம் என்றால், மன்னிப்பு இல்லாத இடத்தில் அந்தத் தாய் கேட்பது எப்படி அதிகமாகும்?

மார்க்கமும் உடலின் பலவீனத்துக்கு இடம் விட்டிருக்கிறது. நோயாளிக்கு நோன்பைப் பிற்பாடு நோற்க அனுமதி உண்டு. தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்பவருக்குத் தயம்மும் உண்டு. கடமையான வணக்கமே நோயாளிக்கு வழிவிடும்போது, கடமையாகாத நம் பீனட் பட்டர் வழிவிட மறுப்பது அழகன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"இன்று கடலை, நாளை முட்டை, அடுத்த நாள் பால், பிறகு கோதுமை. எல்லாம் போனால் பிள்ளை எதைத் தின்பது?" என்பது வெறும் விதண்டாவாதமன்று. விலை மலிவாய்ச் சத்துள்ளதாய் இருப்பது முட்டையும் கடலையுந்தான். நாளும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமாகாது. ஆகவே பிறருடைய அச்சத்துக்கெல்லாம் நாம் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மெய்யான தீங்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கே கட்டுப்பட்டவர்கள். அந்த அளவைத் தெரிந்துகொள்வதற்கு அறிவு வேண்டும்.

அறிந்தோர் சொல்வது இது. நிலக்கடலையின் வாசனை காற்றில் வந்ததாலேயே உயிருக்கு ஆபத்து நேர்வதில்லை. பெரும்பாலும் வாய்வழி உள்ளே போவதுதான் ஆபத்து. கையில் ஒட்டியிருப்பது வாய்க்குப் போகலாம். சோப்பிட்டுக் கழுவினால் அது போய்விடும். கைக்குப் பூசும் கிருமிநாசினிக் கூழ் அதைப் போக்குவதில்லை. கிருமி வேறு, கடலையின் புரதம் வேறு. பள்ளி முழுவதும் கடலையைத் தடுத்துவிட்டால் ஆபத்து ஒழிந்துவிடும் என்பதும் உறுதியில்லை. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், கடலையை முற்றும் தடுத்த பள்ளிகளில் ஊசி போட நேர்ந்தது குறையவில்லை, கடலையில்லா மேசை என்று தனியே ஒன்றை வைத்த பள்ளிகளில் குறைந்திருந்தது என்று கண்டார்கள். தடை எழுதி ஒட்டிவிட்டால் எல்லாரும் கவலையற்றுப் போகிறார்கள் போலும் என்று நமக்குத் தோன்றுகிறது. கடையில் பூட்டுப் போட்டதும் விளக்கணைக்க மறப்பதுபோல.

ஆனால் தனி மேசையிலும் ஒரு முள் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு மூலையில் தனியே உட்கார வைத்தால் அதன் உயிரைக் காத்தோம், மனத்தை யார் காப்பது? கூடவே கடலை இல்லாத பெட்டியோடு இரண்டு மூன்று பிள்ளைகள் போய் உட்கார்ந்தால் அது ஒதுக்கிவைத்த மேசையாகாது, தோழர் மேசையாகிவிடும். ஆகவே வகுப்புத் தோழரின் பெற்றோரிடம் ஆசிரியை கேட்டது நியாயமான அளவே என்ற முடிவுக்கு வந்தோம். ஒரு பண்டம், ஒரு வேளை, ஓராண்டு. இதற்குமேல் எவரேனும் கேட்டால் அப்போது மறுபடியும் தராசைத் தூக்கிப் பார்ப்போம்.

மாமியார் அவர்களுடைய பேச்சிலும் ஒரு பாதி மெய் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குக் கடலை கொடுக்கவே அஞ்சியது தவறு என்று இப்போது மருத்துவரே சொல்கிறார்கள். பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வாழும் யூதப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு இருப்பதை 2008-இல் கண்டார்கள். இஸ்ரேலில் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலைப் பண்டம் ஊட்டுகிறார்கள். பின்னர் லண்டனில் ஒவ்வாமை வரக்கூடிய 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி ஐந்து வயது வரை பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. கடலையைத் தவிர்த்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை கண்டது. உண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 3 பேருக்கே கண்டது. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கும் முட்டை ஒவ்வாத குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுப் பருப்பைச் சிறு பிள்ளைக்குக் கொடுத்தால் மூச்சுக் குழாயில் சிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இதைக் கேட்ட மாமியார் அவர்கள், "அதைத்தானே நான் சொன்னேன்" என்று வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்கள். ஆனால் வருமுன் காக்கும் வழி வேறு, வந்துவிட்ட பிள்ளையைக் காக்கும் வழி வேறு. ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளைக்கு நாம் விரும்பியபடி ஊட்டிப் பழக்கப் பார்ப்பது கொலைக்குச் சமம்.

இறுதியாக ஒரு கேள்வி நின்றது. நாம் செய்வது உபகாரமா, கொடுக்க வேண்டிய ஹக்கா? சொல் வேறானால் நடத்தையும் வேறாகும். ரமளானில் நம் முன்னே உண்ணாமல் சற்று மறைவாகப் போகிற சக வியாபாரி நமக்குச் செய்வது மரியாதை. அவர் செய்யாவிட்டால் நாம் குறைசொல்ல முடியாது. தட்டைத் தனியே வைப்பது ஊர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு பிள்ளையின் மூச்சு நிற்காமல் பார்ப்பதோ இவ்விரண்டுக்கும் மேற்பட்டது, அது அந்தப் பிள்ளையின் ஹக்கு. உபகாரம் செய்கிறவன் நன்றியை எதிர்பார்ப்பான், சலித்துக்கொள்ளவும் செய்வான். கடனைக் கொடுக்கிறவன் எண்ணிக் கொடுத்துவிட்டு வாய்மூடிப் போவான். "உன்னால் எனக்குப் பிடித்தது போயிற்று" என்று நம் பையன் அந்தப் பிள்ளையிடம் ஒரு நாள் சொல்லிவிட்டால் நாம் கொடுத்தது அத்தனையும் வீண்.

அதனால் பையனை உட்காரவைத்துச் சொன்னோம். "உனக்குப் பிடித்தது வீட்டில் இருக்கிறது, பள்ளி விட்டு வந்து தின்னு. பள்ளிக்கு மட்டும் வேண்டாம். காலையில் தின்றால் சோப்பிட்டுக் கையும் கழுவு, வாயும் கழுவு." அவன், "வாப்பா, அவன் செத்துப் போவானா?" என்று கேட்டான். "நாம் கவனமாக இருந்தால் இன்ஷா அல்லாஹ் ஒன்றும் ஆகாது" என்றோம். முதல் வாரம் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. பிறகு காயா தடவிய ரொட்டிக்கு எப்படியோ பழகிக்கொண்டான். அந்தப் பிள்ளையின் தாயைப் பள்ளி வாசலில் ஒரு நாள் கண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அதுவே சரி என்று பட்டது.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடைகளில் கடலை எங்கே இல்லை? நாசி லெமாவில் நெத்திலியோடு இருக்கிறது. சாத்தே குழம்பில் இருக்கிறது. ரோஜாக் குழம்பில் இருக்கிறது. குருமாவிலும் வட்டலப்பத்திலும் முந்திரி இருக்கிறது. பொட்டலமிட்டு விற்கும் பண்டங்களில் குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பால், மரக்கொட்டை ஆகியவற்றையும், கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட்டையும் எழுதிக் காட்ட வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. இங்கிலாந்தில் 2016-இல் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, மாவோடு எள் சேர்த்துச் சுட்ட ரொட்டியை, எள் என்று எழுதாததால் உண்டு உயிர் நீத்தாள். அவள் பெயரால் 'நடாஷா சட்டம்' 2021 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. சட்டம் வருவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் கடையில் இப்போது ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கரண்டி. கடலை மூட்டை மற்றவற்றுக்குக் கீழே, எட்டத்தில். பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்: யாராவது "இதில் அது இருக்கிறதா?" என்று கேட்டால், தெரிந்தால் தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் "தெரியாது, வாங்க வேண்டாம்" என்று சொல். ஒரு விற்பனை போகட்டும். "தெரியாது" என்று சொல்வதற்குக் கூச்சப்பட்ட அந்த ஒரு நாள் நமக்குப் போதும்.

அந்தச் சகோதரி இப்போதும் நம் கடைக்கு வருகிறார். பொட்டுக்கடலை மட்டும் நம்மிடம் வாங்குவதில்லை. நாமும் வற்புறுத்துவதில்லை. அவர் செய்வதே சரி.

பிறர் பிள்ளையை நம் பிள்ளைபோல் காக்கும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.